உனக்கு மட்டும் ஒரு மிஸ்டு கால்

மார்ச் 2

கொக்கு,

இந்த டைரி உனக்கு வந்தது. பெயிண்டுக் கடைக்காரர் வருஷா வருஷம் கொடுத்தனுப்புவாரே, அது. நீ சாரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே செத்துப்போன பிறகும் அவர் நிறுத்தவில்லை. இந்த வருஷம் தாமதமாக வந்திருக்கிறது. நீ போய்விட்டது அவருக்குத் தெரியாது. கொண்டுவந்த ஆளிடம் நானும் சொல்லவில்லை. சொன்னால் உட்கார்ந்து கேட்பான். காய்ச்சலில் ஆரம்பித்து எல்லாவற்றையும் நான் மறுபடி சொல்ல வேண்டும்.

அஞ்சாவது வரைதான் படித்தேன். தப்பு வந்தால் சிரிக்காதே. ஊர் முன்னால் உன்னைக் கொக்கு என்று கூப்பிட்டதில்லை, இதற்குள் கூப்பிடலாம். கல்யாணத்தன்று உன் காலையும் கழுத்தையும் பார்த்து வைத்த பேர். கடைசி வருஷங்களில் ஜன்னலோரம் கழுத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்ததில் பேர் இன்னும் ஒட்டிக்கொண்டது.

காரியம் முடிந்து இன்றுதான் வடைக் கடை போட்டேன். பாதி மிஞ்சியது. சாயங்காலம் வந்து பார்த்தால் கீழே எல்லார் வாசலிலும் ஈரம். தண்ணீர் லாரி வந்து போயிருக்கிறது. என் குடங்கள் மாடிப்படிக்கு அடியில் காலையில் வைத்த இடத்திலேயே, காலியாக. நாள் முழுக்க ஃபோனை மாவுத் தூக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அது அடிக்கும் என்று இருந்திருக்கிறேன். அடிக்கிற ஆளே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

மேகலா பேசினாள். "அம்மா, தண்ணி கூட பிடிக்க முடியாத எடத்துல தனியா கெடந்து இன்னா பண்ணப்போற? அரக்கோணம் வந்துடு" என்கிறாள். அவள் வீட்டில் கூடத்தில் அவள் மாமியார் கட்டிலுக்குக் கீழே எனக்குப் பாய். நான் பார்க்கலாம் என்று சொன்னேன். போக மாட்டேன். சுவரில் உன் தலை எண்ணெய்க் கறை இருக்கிறது.

மார்ச் 3

இன்றைக்கும் லாரி வரவில்லை, அல்லது வந்தது எனக்குத் தெரியவில்லை.

மார்ச் 6

எழுதினால்தான் எனக்கு விளங்கும் போலிருக்கிறது. அதனால் உனக்குத் தெரிந்ததையே எழுதுகிறேன்.

ஆற்றங்கரைக் குடிசையைக் காலி செய்து அரசாங்கம் நம்மை இங்கே கொண்டுவந்து விட்ட நாளிலிருந்து குழாயில் உப்புத் தண்ணீர்தான். குடிக்க, சமைக்க லாரி. மத்தியானத்துக்கும் சாயங்காலத்துக்கும் நடுவில் எப்போது வேண்டுமானாலும் வரும், வராமலும் போகும். இரண்டு பிளாக்குக்கும் சேர்த்து ஒரு லாரி. முன்னால் நிற்பவளுக்கு எல்லாக் குடமும் நிறையும். பின்னால் நிற்பவளுக்கு அரைக் குடம் சேறு. அதனால் லாரி வருவதைப் பார்த்தவள் வாயைத் திறக்க மாட்டாள். ஒரு ஆளிடம் சொன்னால் வரிசையில் ஒரு ஆள் கூடும்.

நீ மூன்றாம் மாடி ஜன்னலில் இருந்தாய். சுடுகாட்டு மதில் முனையில் லாரி திரும்புவது உனக்கு மட்டும்தான் தெரியும். உடனே எனக்கு ஒரு மிஸ்டு கால். நான் பக்கத்துக் கடைக்காரியிடம் சட்டியைப் பார்க்கச் சொல்லிவிட்டு ஓடி வருவேன். "நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும், உனக்கு மட்டும்தான் அடிக்கிறேன்" என்று நீ சொன்னாய். நானும் ஒரு ஆளிடமும் மூச்சு விடவில்லை. வந்து பார்த்தால் என் குடங்கள் வரிசையில் முன்னால் நிற்கும். யாரோ தள்ளி வைத்திருப்பார்கள். படுத்த புருஷனை வைத்துக்கொண்டு பாடுபடுகிறவள் என்று என் மேல் இந்தப் பெண்களுக்கு ஒரு மரியாதை என்று நினைத்தேன்.

இப்போது அந்த மரியாதை எங்கே போயிற்று என்றுதான் எதிர்வீட்டு சகாயமேரியிடம் இன்று கேட்டேன். நேராகக் கேட்கவில்லை. "லாரி வந்தா எனக்கு ஒரு மிஸ்டு கால் குடேன் மேரி" என்றேன்.

அவள் துணி பிழிந்துகொண்டிருந்தாள். நிறுத்திவிட்டாள்.

"எனக்கே யாரும் குடுக்கலக்கா. உங்க வீட்டுக்காரரு இருந்தவரைக்கும் அவருதான் எனக்குக் குடுப்பாரு."

"யாரு?"

"அண்ணன்தான். உனக்கு மட்டும்தாம்மா சொல்றேன், யார்ட்டயும் சொல்லாதன்னு மாதா படத்து மேல சத்தியம் வாங்கினாரு. நான் என் கொடத்த வைக்கிறப்ப பக்கத்துல உங்க கொடத்தையும் வைக்கணும், அதான் கண்டிஷன்." பிறகு என் முகத்தைப் பார்த்து, "உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்" என்றாள்.

தெரியும் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

மார்ச் 7

மேரி நல்ல பெண்தான். சொல்லியிருக்கலாம். என்னிடம் சொல்லிவிட்டு அவளுக்குச் சொல்லியிருக்கலாம்.

மார்ச் 11

கடையில் வடை வாங்க இரண்டாம் மாடி ஜீனத் வந்தாள். ரவிக்கைக்கு ஊக்கு தைத்துத் தைத்து அவள் விரல் நுனியெல்லாம் சல்லடை. இரண்டு வடையைக் காகிதத்தில் வைத்துக்கொண்டு நகராமல் நின்றாள்.

"அக்கா, தப்பா நெனக்காதீங்க. இப்ப யாரு பாக்குறாங்க?"

"எதை?"

"ஜன்னல்ல. லாரிய." குரலைத் தாழ்த்தினாள். "எங்க வீட்டு பாய்க்குக் கூட நான் சொன்னதில்ல. அண்ணன் எனக்கு மட்டும்தான் கூப்புடுவாரு. பதிலுக்கு உங்க கொடத்த ரெண்டாம் மாடி வரைக்கும் நான் தூக்கி வச்சுடுவேன். உங்களுக்கு முட்டி வலின்னு சொன்னாரு."

ரொம்ப நாளாகவே, நிறைந்த குடம் ஒன்று இரண்டாம் மாடித் திருப்பத்தில் எனக்காக உட்கார்ந்திருக்கும். கீழிருந்து நான் ஒன்றுதான் தூக்குவேன். மற்றது எப்படி வந்தது என்று நான் யோசித்ததே இல்லை. யோசித்தேனோ என்னவோ. வந்த தண்ணீரை யார் கேள்வி கேட்பார்கள்.

"இப்ப உனக்கு யாரு சொல்றா?" என்று கேட்டேன்.

"யாருமில்ல. மேரிக்கு பி பிளாக்ல ஒருத்தி சொல்றா போல. மேரி வேற யாருக்கோ சொல்றா. அது யாருன்னு தெரில. எனக்கு சொல்ல மாட்டேங்குறா. நான் ஒண்ணும் திரும்பிக் குடுக்க முடியாதே, என் வீட்டு ஜன்னல்ல செவுருதான தெரியுது."

கொக்கு, நீ மேரியிடம் சொன்னதும் இவளிடம் சொன்னதும் ஒரே வார்த்தை. எழுத்து மாறாமல்.

மார்ச் 12

வெயில். குடிக்கக் கேன் தண்ணீர் வாங்கினேன். உப்புத் தண்ணீரில் குளித்துக் குளித்துத் தலைமுடி கயிறு மாதிரி ஆகிவிட்டது. மேரியைப் படியில் மறித்து இன்னொரு தரம் கேட்டேன். இந்தத் தரம் அவள் பொய் சொல்லவில்லை.

"நீங்க கடையில இருக்கீங்கக்கா. நான் உங்களுக்கு சொன்னா, நீங்க எனக்கு இன்னா சொல்வீங்க? பி பிளாக்குக்காரிக்கு நான் சிலிண்டர் வண்டி வர்றத சொல்றேன், அவ எனக்கு லாரிய சொல்றா. நடுவுல உங்களயும் சேத்தா வரிசை நீண்டுடுச்சின்னு அவ என்ன வுட்டுடுவா. புரிஞ்சிக்கோங்க."

புரிந்துகொண்டேன். கோபப்படக் கூட இடம் வைக்காமல் பேசினாள்.

மார்ச் 15

மேகலா நாள் குறித்துவிட்டாள். சித்திரை பிறந்த மறுநாள் பையோடு வருகிறாளாம். "அதுக்குள்ள நீயா தண்ணி பிடிச்சு, நீயா ஒரு வாரம் ஒழுங்கா இருந்து காட்டு, நான் வாயத் தொறக்கல" என்றாள். பாவம், அவளுக்கும் மாமியாரிடம் சொல்லிச் சம்மதிக்க வைத்த பாடு. வீட்டைப் பூட்டினால் இங்கே வேறு ஆளைக் குடிவைத்துவிடுவார்கள். ஜன்னலுக்குத் திரை போடுவார்கள்.

மார்ச் 19

கீழ்வீட்டு அஞ்சலையோடு நான் பேசி இரண்டு வருஷம் இருக்கும். குழாயடியில் என் வாளியை எட்டி உதைத்தாளே, அதிலிருந்து. நீ அப்போது "போகட்டும் விடு, அவ வாய் அப்படி" என்றாய். உனக்கு எல்லாரும் நல்லவர்கள்.

இன்று மாடிப்படியடியில் காலிக் குடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சும்மாதான், தூசி. அவள் வெற்றிலை மென்றுகொண்டு நான் காதில் போட்டுக்கொள்ளட்டும் என்று சுவரிடம் பேசினாள்.

"சில பேருக்கு கொடம் தானா நவுந்து லாரிகிட்ட போவும்னு நெனப்பு. நவுத்துறவன் போய்ட்டான், இனிமே நவுராது. ஒருத்திக்கு ஒருத்தியால பிரயோஜனம் இருந்தாதான் ஒருத்தி ஒருத்திய பாப்பா. வட சுட்டு யாருக்கு இன்னா?"

குடத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தேன். நவுத்துறவன் என்று அவளுக்கு எப்படித் தெரியும் என்று மேலே ஏறும்போதுதான் தோன்றியது. அதற்கு மேல் நினைக்கவில்லை.

மார்ச் 22

கடை போடவில்லை. உன் இடத்தில் உட்கார்ந்தேன்.

இத்தனை வருஷம் அந்த ஜன்னலைத் துடைத்திருக்கிறேன், அதில் பார்த்ததில்லை. மதில் முனை தெரிகிறது. இரண்டு பிளாக்குக்கும் நடுவில் லாரி நிற்கிற இடம் தெரிகிறது. யார் எந்த வாசலிலிருந்து வருகிறார்கள், யார் குடத்துக்கு முன்னால் யார் குடம் போகிறது, எல்லாம். கீழே இருப்பவர்களுக்கு அவரவர் முன்னால் நிற்கிற முதுகுதான் தெரியும். இங்கிருந்து மொத்தமும். என் கடையின் தகரக் கூரை கூட ஓரமாகத் தெரிந்தது. அது தெரியும் என்று நீ சொன்னதே இல்லை.

லாரி வரவில்லை. மதில் மேல் ஒரு பூனை நாள் முழுக்கப் படுத்திருந்தது. நீ யாரோடு பேசிக்கொண்டு இருந்தாய், தினம் இவ்வளவு நேரம்?

மார்ச் 23

நான் ஒரு காரியம் செய்துவிட்டேன்.

மூன்று மணி வாக்கில் லாரி முனையில் திரும்பியது. கையில் ஃபோன் இருந்தது. யாருக்கு அடிப்பது? மேரிக்கா, ஜீனத்துக்கா? ஒளித்து ஒளித்து ஒவ்வொருத்திக்கும் பொய் சொன்னாயே, அதை நினைத்து எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. இதில் என்ன ரகசியம், எல்லாருக்கும் வயிறு ஒன்றுதானே என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

"லாரி வருது! லாரி வருது! எல்லாரும் வாங்க! எல்லாருக்குந்தான் சொல்றேன்!"

கத்தும்போது நன்றாக இருந்தது. உன்னை விட நான் நல்லவள் என்று காட்டின மாதிரி.

அப்புறம் படியெல்லாம் காலும் குடமும் உருளுகிற சத்தம். பி பிளாக்கும் வந்துவிட்டது. வரிசையே இல்லை. லாரி நிற்பதற்கு முன்பே குழாயை ஒருத்தி பிடித்தாள், இன்னொருத்தி அவள் முடியைப் பிடித்தாள். மேரியின் குடம் மிதிபட்டு உடைந்தது. ஜீனத் கால் பிசகி விழுந்தாள். டிரைவர் இறங்கி, "இன்னாம்மா இது, கல்யாண வூட்டுப் பந்தியா? இப்டி அடிச்சிக்கினா நான் யாருக்கு ஊத்துறது?" என்று குழாயை மூடிவிட்டார். பாதித் தண்ணீர் மண்ணில். வண்டியை எடுத்துக்கொண்டு போயே விட்டார். ஒருத்திக்கும் ஒரு குடம் கிடைக்கவில்லை.

சண்டை அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. மேலே எனக்கு எல்லாம் கேட்டது.

"அந்த மனுசன் இருந்தப்போ ஒருநாளாச்சும் இப்டி ஆச்சா?"

"அவரு எனக்கு மட்டுந்தானே கூப்டுவாரு, உனக்கு இன்னாடி தெரியும்?"

"இன்னாது, உனக்கா? எனக்குடி! சத்தியம் பண்ணிக் குடுத்தாரு!"

"தோ பார்ரா. அப்ப எனக்கு வந்தது பேயி அடிச்ச ஃபோனா?"

எல்லாரும் நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தார்கள். பிறகு யாரோ சிரித்தார்கள். ஒருத்தி ஆரம்பித்ததும் நாலைந்து பேர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கதவைச் சாத்திக்கொண்டேன்.

எல்லாரிடமும் உனக்கு மட்டும் என்றாய். என்னிடமும் அதைத்தான் சொன்னாய். அப்படியானால் நான் அவர்களில் ஒருத்தி.

மார்ச் 24

சமைக்கவில்லை.

மார்ச் 29

டிரைவர் நம் பிளாக் பக்கமே வருவதில்லை. பெரிய ரோட்டில் நிறுத்திவிட்டுப் போகிறாராம். எல்லாரும் அங்கே வரை நடக்கிறார்கள், என்னைத் திட்டிக்கொண்டே. யாரும் வடை வாங்குவதில்லை. ஜீனத் நொண்டிக்கொண்டு கடையைத் தாண்டிப் போனாள். கால் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "இருக்கு" என்றாள்.

காலையிலிருந்து யாரும் என்னிடம் பேசிய வார்த்தை அது ஒன்றுதான். நீ இருந்தபோதும் நான் இவர்களோடு பெரிதாகப் பேசியதில்லை. ஆனால் பேச ஆள் இருக்கிறது என்கிற நினைப்பு இருந்தது. அந்த நினைப்பையும் நீதான் கட்டி வைத்திருந்தாய் போலிருக்கிறது.

மேகலாவுக்கு ஃபோன் செய்து வந்து கூட்டிப்போ என்று சொல்லலாமா என்று எடுத்தேன். அடித்தால் அவள் மாமியார் பேசினார்கள். சுகம் விசாரித்துவிட்டு வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 2

அஞ்சலை வந்தாள். கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள், தாழ்ப்பாள் எந்தப் பக்கம் தள்ளினால் திறக்கும் என்று தெரிந்தவள் மாதிரி. நேராக ஜன்னலோரம் போய் உன் கட்டிலைப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

"உனுக்கு அறிவு கிறிவு கீதா? ஊரையே கூவிக் கூப்டு வச்சிக்கினயே."

"எல்லாருக்கும் கெடைக்கட்டும்னுதான்."

"எல்லாருக்கும் கெடைச்சிச்சா? அந்தாளு அத்தினி பேருக்கும் சொல்லிக்கினுதான் இருந்தாரு. ஆனா எப்டி சொன்னாரு தெர்மா? மொதல்ல எனுக்கு அடிப்பாரு. நான் போய் கொடத்த வச்சி நிமிந்தேன்னா, அத்த பாத்துட்டு அடுத்தவளுக்கு. அவ வந்து வச்சப்புறம் அதுக்கடுத்தவ. ஒருத்தி பின்னாடி ஒருத்தியா, தானா வந்தா மாரி வருவாளுங்க. சண்ட எங்கேந்து வரும்? நானும் ரொம்ப நாளு என் ஒருத்திக்குத்தான்னு நெனச்சிக்கினு இருந்தேன். ஒருநா தலய தூக்கிப் பாத்தேன், நான் கொடத்த வச்சதும் அந்தாளு மறுபடி ஃபோன தட்டிக்கினு இருந்தாரு. புரிஞ்சிச்சி. வாயத் தொறக்கல. தொறந்தா என் மொத எடம் போய்டும்ல."

நான் கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டேன். "எனக்கு எப்ப அடிப்பாரு?"

"உனுக்குத்தான் கடைசி. எல்லாக் கொடமும் நின்னு, உன் கொடமும் முன்னாடி நின்னப்புறம். முட்டி வலிக்காரி, சீக்கிரம் கூப்டா வந்து வெயில்ல நிக்கணும்னு."

அடுப்பு மேடையைத் துடைத்தேன். துடைத்த இடத்தையே துடைத்தேன்.

"மத்தவங்க கொடம் வச்சாங்க, தூக்கினாங்க. நீ இன்னா குடுத்த?" என்றேன்.

அவள் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டாள். "அந்தாளு சொல்லலயா? சொல்ல மாட்டாரு. நீ வாளிச் சண்டைய மனசுல வச்சிக்கினு இருந்தியே. மத்தியானம் நீ கடைக்குப் போனதும் நான் வருவேன். இந்தப் பக்கம் படுத்திருந்தா அந்தப் பக்கம் திருப்பி வுடுவேன். முதுகுல ஈரத்தத் தொடைச்சி பவுடரு போடுவேன். ஒரே பக்கம் படுத்தா புண்ணு வந்துடும்ல. அவ்ளோதான். சும்மா இல்ல, மொத மிஸ்டு காலுக்குத்தான் செஞ்சேன்."

உனக்கு ஒருநாளும் படுக்கைப் புண் வந்ததில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் கூடக் கேட்டாள், எப்படி இவ்வளவு சுத்தமாகப் பார்த்துக்கொண்டீர்கள் என்று. காலையில் நான் தேய்க்கிற தேங்காய் எண்ணெய் என்று சொன்னேன்.

"லாரிக்காரனுங்க ஸ்ட்ரைக் பண்ணானுங்களே ஐப்பசில," என்றேன். "அப்ப தண்ணியே இல்லயே. அப்ப வரலதானே?"

அஞ்சலை எழுந்து புடவையைத் தட்டினாள்.

"வந்தேன். ஏன்னு கேக்காத. எனுக்குத் தெரியாது."

வாசலில் நின்று, "டிரைவராண்ட நான் பேசிட்டேன். திங்கக்கெழமைலேந்து உள்ள வருவாரு. ஜன்னல்ல ஆளு இருந்தா நல்லது. மொதல்ல எனுக்கு" என்றாள்.

ஏப்ரல் 3

எண்ணெய்ப் பாட்டிலைக் குப்பையில் போட்டேன். கொஞ்ச நேரம் கழித்து எடுத்துக் கழுவி வைத்தேன்.

ஏப்ரல் 8

வடைக் கடையை விட்டுவிட்டேன். காலையில் இட்லி போடுகிறேன், பதினோரு மணிக்குள் முடிந்துவிடும். வியாபாரம் எப்படி என்று இன்னும் சொல்ல முடியாது. மத்தியானம் ஜன்னல்.

ஆனால் நீ செய்ததைச் செய்வது லேசில்லை. பொய் சொல்லத் தெரிய வேண்டும். நேற்று மேரி வீட்டுக்குப் போனேன். புதுக் குடம் வாங்கியிருக்கிறாள், பச்சை. அதைப் பார்த்துக்கொண்டே பேசினேன்.

"மேரி, இனிமே நான் மத்தியானம் வீட்லதான் இருக்கேன். லாரி வந்தா உனக்கு அடிக்கிறேன்." குடத்தின் விளிம்பைத் தடவினேன். "உனக்கு மட்டுந்தான்."

மேரி என்னையே பார்த்தாள். அன்றைக்குக் கீழே நின்று சண்டை போட்டவள்தானே, அவளுக்குத் தெரியாததா. பல்லைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

"சரிக்கா. எனக்கு மட்டும். ஆனா ஒண்ணு. எனக்கு முன்னாடி யாருக்கு அடிக்கிறீங்கன்னு மட்டும் எந்தக் காலத்துலயும் சொல்லிடாதீங்க. தெரிஞ்சா வயிறு எரியும்."

"பதிலுக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"கொடம்தானே? வைக்கிறேன். ஆனா அண்ணன் மாதிரி படத்து மேல சத்தியமெல்லாம் வாங்காதீங்க. ஏற்கெனவே ஒண்ண மீறி உங்ககிட்ட சொல்லிட்டேன், மாதாவுக்கு மெழுகுவத்தி பாக்கி நிக்குது."

ஜீனத்திடம் இன்னும் கஷ்டம். அவள் காலைத் தைலம் போட்டு நீவிவிட்டேன். ஊக்கு தைப்பதை நிறுத்தாமல் நீட்டிக்கொண்டிருந்தாள். கிளம்பும்போதுதான் வாயைத் திறந்தாள்: "நீங்க கூவினது தப்பு. ஆனா அன்னிக்கு ஒரு நாள்தான் எனக்கும் யாரோ சொல்றாங்கன்னு ஓடி வந்தேன். அதுக்கு முன்னாடி ஒரு மாசமா ஒருத்தியும் சொல்லல." உனக்கு மட்டும் என்று நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. அடியுங்கள் என்று தலையாட்டினாள்.

இன்னும் சில வீடு இருக்கிறது. நீ யார் யாருக்கு அடித்தாய் என்று எனக்கு முழுதாகத் தெரியாது. வந்து கேட்பவர்களை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறேன். கேட்காமலே போய்விட்டவர்களும் இருப்பார்கள்.

ஏப்ரல் 11

லாரி வந்தது. அஞ்சலைக்கு அடித்தேன். அவள் குடம் வைப்பதற்குள் மேரிக்கும் அடித்துவிட்டேன், இருவரும் ஒன்றாகப் போய் முட்டிக்கொண்டார்கள். அஞ்சலை மேலே பார்த்துக் கையை ஆட்டித் திட்டினாள். ஆனாலும் தண்ணீர் கிடைத்தது. சாதம் உப்புக் கரிக்காமல் இருந்தது.

ஏப்ரல் 15

மேகலா காலையிலேயே வந்துவிட்டாள், பெரிய பையோடு. என் புடவைகளை அவளாகவே மடித்து அடுக்க ஆரம்பித்தாள். நான் தடுக்கவில்லை. இரண்டு பேருமாகச் சாப்பிட்டோம். மத்தியானம் ஆனதும் நான் எழுந்து ஜன்னலுக்குப் போனேன்.

"இன்னாம்மா அங்கயே நிக்கிற? அப்பா மாதிரியே."

"லாரி வர்ற நேரம்."

நாலு மணிக்கு முன்னால் முனையில் திரும்பியது. அஞ்சலைக்கு அடித்தேன். ஒரு ரிங்கில் நிறுத்தினேன். அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே வந்து, குடத்தை வைத்து, இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தாள். பிறகு மேரி. மேரியின் பச்சைக் குடம், அதற்குப் பக்கத்தில் என்னுடையது. பிறகு ஜீனத். பிறகு கோடி வீட்டுக்காரி, பி பிளாக்கில் ஒரு கர்ப்பிணி, இன்னும் ஒருத்தி. ஒவ்வொருத்தியும் கதவைத் திறந்து, தற்செயலாக வந்த மாதிரி வெயிலைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். என்ன நடிப்பு தெரியுமா! நீ இதைத் தினம் பார்த்திருக்கிறாய்.

மேகலா என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒவ்வொருத்தருக்கா ஏன் அடிக்கிற? இங்கேந்து ஒரு சத்தம் போட்டா முடிஞ்சிச்சே."

"போட்டுப் பாத்துட்டேண்டி" என்றேன். சிரிப்பு வந்துவிட்டது. நீ போன பிறகு முதல் தடவை.

குடம் எடுக்க அவளே கீழே போனாள். அஞ்சலையின் குரல் மூன்று மாடிக்குக் கேட்டது. "தே, கொக்கு மவளே! உங்கம்மா கொடம் தோ முன்னாடி கீது. ஊர்ல போய் உக்காரவச்சிக் கஞ்சி ஊத்தப்போறியாமே? அப்ப ஜன்னல்ல நீ வந்து நிக்கிறியா, இல்ல உன் மாமியார அனுப்புறியா?"

கொக்கு என்று அவளுக்கும் தெரிந்திருக்கிறது. சொல்லியிருக்கிறாய். சரி, போகட்டும்.

மேகலா குடத்தோடு ஏறி வந்து மூச்சு வாங்கினாள். பையைத் திறந்து என் புடவைகளை எடுத்து மறுபடி பெட்டியில் வைத்தாள். "ஆடிக்காச்சும் வந்து நாலு நாள் இரு" என்றாள். அந்த நாலு நாளும் ஜன்னலில் யார் என்று நான் யோசித்தது என் முகத்தில் தெரிந்திருக்கும். "வேணாம், நானே வர்றேன்" என்று சொல்லிவிட்டு ஆறு மணி பஸ்ஸுக்குப் போனாள்.

எனவே நான் இங்கேதான்.

உனக்கு ஒன்று எழுத வேண்டும் என்று நினைத்தேன். இன்றைக்கு எல்லாருக்கும் அடித்து முடித்த பிறகும் ஃபோன் என் கையிலேயே இருந்தது. கட்டைவிரல் இன்னும் ஒரு நம்பரைத் தேடியது. உனக்கு அந்த நேரத்தில் ஒரு ஆள் மிச்சம் இருந்தது. எல்லாருடைய குடமும் நின்ற பிறகு, வெயிலில் அவள் காத்து நிற்க வேண்டியதில்லை என்று தெரிந்த பிறகு, தகரக் கூரையைப் பார்த்துக்கொண்டு ஒரு ரிங் கொடுப்பாய். அவள் ஓடி வருவாள்.

நான் கீழே பார்த்தேன். அவரவர் குடத்தில் அவரவர் கண். வரிசை ஒழுங்காக இருந்தது, யாரும் நிமிர்ந்து பார்க்கத் தேவையில்லை.

எல்லாருக்கும் அடித்துவிட்டேன் கொக்கு. கடைசியாக நான் யாருக்கு அடிக்கட்டும்?